உள்ளே வரலாமா சார்?

இந்த வாரத் தபாலில் பாதி, வேலை தேடுகிறவர்களுடையது. கேம்பஸ் சீசன்!

*இறுதியாண்டு மாணவர், திண்டுக்கல்.*
‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

நட்சத்திரம், ராசியிலிருந்து வேண்டாம். ஊர், பள்ளி, மார்க் எல்லாம் கேள்வி கேட்பவர் கையிலிருக்கும் ரெஸ்யூமில் இருக்கிறது. அதையே நீங்கள் ஒப்பித்தால் அவர் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும். ஒருமுறை தேர்வுக் குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன், “அப்பா டீக்கடை வெச்சிருக்கார் சார். கடன் நோட்டு மழையில நனைஞ்சு போச்சு. அதனால செல்போன்லயே கணக்கு போட்டுக் கொடுத்தேன். ஒரு மாசத்துக்கு மேல பாக்கின்னா பேரு சிவப்பாயிடும்” என்று ஆரம்பித்தான். சாய்ந்திருந்த மூன்று பேரும் நிமிர்ந்தோம். “யாரு ரொம்ப சிவப்பு?” என்று கேட்டேன். “அதைச் சொல்லக் கூடாதுங்க சார், கஸ்டமர்” என்றான். அதற்கப்புறம் கேட்டதெல்லாம் சம்பிரதாயத்துக்கு.

*பி.காம். பட்டதாரி, சிவகாசி.*
‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று கேட்டால்?

‘அளவுக்கு மீறி உழைப்பேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘மாப்பிள்ளைக்கு ஒரே கெட்ட பழக்கம், ரொம்ப நல்லவர்’ என்று கல்யாணத் தரகர் சொல்வது போலிருக்கும். உண்மையான ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன வைத்தியம் பார்க்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ‘தேதிகள் மறந்துவிடும், அதனால் எழுதி வைக்கிறேன்’ என்றால் போதும். பாக்கெட்டில் அந்தக் குறிப்பேடும் இருக்கட்டும். எடுத்துக் காட்டச் சொல்லிவிடுவார்கள்.

*வேலை தேடுபவர், ஆவடி.*
இன்டர்வியூவுக்கு முன்பே ‘டெபாசிட்’ கட்டச் சொல்கிறார்களே?

சம்பளம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வர வேண்டும் என்பதிலேயே அவர்களுக்குக் குழப்பம். திரும்பிப் பார்க்காமல் வாருங்கள்.

*இல்லத்தரசி, கும்பகோணம்.*
குழந்தைக்காக ஆறு வருடம் வேலைக்குப் போகவில்லை. அதைக் கேட்டால்?

கேட்பார்கள். ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: ‘குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், இப்போது பள்ளிக்குப் போகிறாள்.’ அதில் மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், நீங்கள் தலைமறைவாக இருக்கவில்லை. அடுத்த வாக்கியம் வேலையைப் பற்றி இருக்கட்டும். கணக்கு வேலை என்றால், நீங்கள் விட்டுவந்த பிறகு மென்பொருளிலும் வரி விதிகளிலும் என்ன மாறியிருக்கிறது, அதில் எதைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர்களுடைய பயம் குழந்தையைப் பற்றியதல்ல, துருவைப் பற்றியது.

*ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்.*
பொது அறிவுக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால்?

‘தெரியாது சார்’ என்பதும் பதில்தான். எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்குச் சுமார் நூற்றைம்பது கேள்விகள் கொடுத்துக்கொண்டிருந்தார். 1921-ல் அது பத்திரிகைகளில் வெளிவந்து பெரிய பேச்சானது. அதில் ஒன்றை ஐன்ஸ்டைனிடம் கேட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? ‘புத்தகத்தில் கிடைப்பதை மண்டையில் சுமப்பதில்லை’ என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். அதற்காக நீங்களும் அதே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஐன்ஸ்டைன் ஆக வேண்டியிருக்கும்.

*போட்டித் தேர்வர், தென்காசி.*
அரசு வேலைக்கு நேர்காணலே கிடையாதாமே?

எல்லாவற்றுக்கும் அல்ல. மத்திய அரசின் குரூப் ‘சி’, கெசட்டட் அல்லாத குரூப் ‘பி’ பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஐ.ஏ.எஸ். கனவு இருந்தால் தப்ப முடியாது. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 அந்த அறையில்தான் இருக்கிறது. சிறு பங்குதான். ஆனால் பட்டியலில் மேலே போவதும் கீழே வருவதும் சில மதிப்பெண்களில்தானே!

*தமிழாசிரியர், உத்திரமேரூர்.*
எங்கள் ஊரில் சோழர் காலத்திலேயே நேர்காணல் இல்லாமல் ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள், தெரியுமா?

தெரியும் ஐயா. முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த மனையில் வீடு, கால்வேலிக்கு மேல் நிலம், படிப்பு. இதெல்லாம் இருந்தால்தான் பெயரே ஓலையில் ஏறும். பிறகு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சொந்தபந்தங்களும் நிற்க முடியாது. அந்த ஒரு விதியை இன்று கொண்டுவந்தால் குடமே காலியாக இருக்கும்.

*மென்பொருள் பொறியாளர், கோவை.*
‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’ என்றால் என்ன சொல்ல?

அதே வேலையில் இருக்கும் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுப் போய், ‘இதிலிருந்து இதற்குள்’ என்று சொல்லுங்கள். சி.டி.சி. என்று அவர்கள் சொல்லும் தொகை, இலையில் விழும் சாப்பாடு அல்ல. சமையல்காரர் போட்ட மளிகைப் பட்டியல். நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பி.எஃப்., பல இடங்களில் கிராஜுவிட்டி கூட அதில் சேர்ந்திருக்கும். ‘மாதம் கைக்கு எவ்வளவு வரும்?’ என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

*வாசகி, நாகர்கோவில்.*
நீங்கள் நேர்காணலில் தோற்றதுண்டா?

முதல் நேர்காணலே. நண்பனின் ஷூவை வாங்கிப் போயிருந்தேன், ஒரு சைஸ் பெரிசு. உள்ளே நுழையும்போது வலது ஷூ கழன்று பாதி வழியில் நின்றுவிட்டது. ‘என்ன ஆச்சு?’ என்றார்கள். இரவல் ஷூ என்று சொல்லியிருக்கலாம். ‘காலில் அடி சார்’ என்றேன். வலது காலை நொண்டிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். அனுதாபத்தோடு கேள்வி கேட்டார்கள், நன்றாகவே பதில் சொன்னேன். எழுந்து கதவு வரை நொண்டிக்கொண்டே வந்தும் விட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “தம்பி, வரும்போது வலது காலுல்ல?”