மேல்மட்டம்

காரைக்கால் பாரதியார் சாலையில், பாய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடையைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்துத்தான் மாமா வருவார். "தம்பி, அந்த வடைய இப்படிக் கொஞ்சம் வையி." போச்சு. வடை இனிமேல் வடை இல்லை, ஆஸ்வால்ட்.

1963 நவம்பர் 22, டல்லாஸ். என் டீ கிளாஸ்தான் கென்னடியின் கார். மடக்கி நிறுத்திய பேப்பர், புத்தகக் கிடங்கு. அதன் உச்சியில் வடை. "ஒத்த ஆளுதான் சுட்டான்னு வாரன் கமிஷன் எழுதிட்டுது. நீ நம்புறியா?" பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். பக்கத்து ஆளின் தட்டிலிருந்து ஒரு பருப்பு வடை வந்துவிடும். அது ஜாக் ரூபி. இரண்டே நாளில் போலீஸ் தலைமையகத்துக்குள் புகுந்து ஆஸ்வால்டைச் சுட்டவன். "மாஃபியா தம்பி, மாஃபியா!" என்றபடி என் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வார். "சாட்சிய அழிச்சுட்டானுவ, பாத்தியா?" அழித்தவர் என் கண்ணெதிரே மென்றுகொண்டிருப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்தவர். 1979இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே சதி இருந்திருக்கலாம் என்று சொன்னதை வருஷம் பிசகாமல் சொல்வார். மாஃபியா ஓர் அமைப்பாக இதைச் செய்யவில்லை, தனி ஆட்கள் சிலர் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்பதைத்தான் மறுக்க முடியாது என்று அதே குழு சொன்னது. அதில் முதல் பாதி மட்டும் வடையோடு உள்ளே போய்விடும்.

கென்னடிக்கு ஒரு வடை என்றால் ராஜீவ் காந்திக்கு மூன்று. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். "படம் எடுத்த ஹரிபாபு செத்துட்டான். கேமரா மட்டும் எப்படிப் பொழச்சுது?" அந்தப் படங்களை வைத்துத்தானே ஆட்களை அடையாளம் கண்டார்கள் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "கண்டுபிடிக்கட்டும்னுதானே விட்டுட்டுப் போனான்!" என்றார். ஜெயின் கமிஷன் வருஷக்கணக்கில் தோண்டியதை இவர் மூன்றாவது வடையில் முடித்துவிடுவார். "சரி மாமா, யாருதான் செஞ்சது?" என்றால் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். ஆள்காட்டி விரல் மேலே போகும். "மேல்மட்டம்." நானும் நிமிர்ந்து பார்ப்பேன். பாய் கடை ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஊர் வேறு அவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆட்சி புதுச்சேரி, கடலை விட்டால் சுற்றிலும் தமிழ்நாடு. "வாஞ்சூரத் தாண்டினா வேற போலீசு. பிரெஞ்சுக்காரன் இத சும்மாவா இப்படி வெட்டி வெச்சான்?"

இதையெல்லாம் நானும் சிரித்துக்கொண்டே கேட்டவன்தான், பேச்சு பக்கத்து நிரவிக்கு வரும்வரை. 2017 ஜனவரி 3ஆம் தேதி, புதுச்சேரி முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி. சிவகுமாரை அங்கே குண்டு வீசி, வெட்டிக் கொன்றார்கள். டல்லாஸ் எங்கேயோ இருக்கிறது. நிரவிக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். போலீஸ் ஆட்களைப் பிடித்தது, வழக்கு போட்டது. மாமாவுக்கு அது போதவில்லை. வடையை எடுத்தார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாண்ணே. இது நம்மூரு சாவு."

எனக்கும் அன்று சிரிப்பு வரவில்லை. கண்ணால் பார்த்தவன் வாய் திறக்கப் பயப்படுகிற விஷயத்தில், பார்க்காதவன் பன்னிரண்டு கதை கட்டினால் உண்மை எந்த மூலையில் போய் ஒண்டும்? "யாருக்கு லாபம்னு பாரு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அவரிடமே கேட்கலாம்: இந்தக் கதைகளால் யாருக்கு மாமா லாபம்?

போன மாதம் கடை வாசலில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. சற்று முன்புவரை மாமா சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்த சைக்கிள். ஏட்டையா வந்து, "பெரியவரே, யாராவது எடுத்துட்டுப் போனதப் பாத்தீங்களா?" என்றார். டல்லாஸில் ஆறாவது மாடி ஜன்னலில் நின்றது யார் என்று தெரிந்தவர், "நான் டீ குடிக்க வந்தவங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கிளாசுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

ஏட்டையாவின் தலை மறைந்ததும் என் தோளில் கை விழுந்தது. "வெறும் சைக்கிள்னு நெனைக்காத தம்பி." விரல் மேலே போனது. இன்னொரு கை என் வடைக்கு வந்தது.

அந்தச் சைக்கிளும் என்னுடையதுதான்.