ரஜாய்ப் பெட்டி

தில்லியில் குடித்தனம் நடத்தியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வதில் பெரிய பாடு எது என்று. தூசி என்பார்கள். அதற்கு அடுத்தது ரஜாய். குளிர்காலம் முழுக்க உயிரைக் காக்கும் அந்தப் பஞ்சுப் போர்வை, மற்ற மாதங்களில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆளுக்கொன்று, வருகிற விருந்தாளிக்கு இன்னும் இரண்டு.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருந்தது ராமகிருஷ்ணபுரத்தில், டைப் டூ குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் சின்ன வராந்தா. அப்பா, அம்மா, பாட்டி, நாங்கள் மூன்று பேர். இது போதாதென்று, வேலை தேடித் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் சித்தப்பாவோ மாமாவோ யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். அவ்வளவு பேர் இருந்தும் அந்த வீட்டில் ஒரு சாமானைத் தேடியதாக எனக்கு நினைவில்லை.

அதற்குக் காரணம் பெட்டிதான். ஒரு ஆள் உள்ளே படுக்கலாம், அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி. மேலே மெத்தையும் விரிப்பும் போட்டால் அதுவே திவான். பகலில் விருந்தாளி உட்காருவார், இரவில் பாட்டி படுப்பாள். உள்ளே ரஜாய்கள். ஹோலி கழிந்து வெயில் உறைக்க ஆரம்பித்ததும் அம்மா அவற்றின் உறையைக் கழற்றித் துவைத்துப்போட்டு, ரஜாய்களை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவாள். "நிழல் விழறதுக்குள்ள திருப்பிப் போடுடி, ஈரம் இருந்தா அடுத்த வருஷம் வாடை வரும்" என்று கீழிருந்தே குரல் கொடுப்பாள். இரண்டு நாள் காய்ந்தபின் நான்காக மடித்து, மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டையும் காய்ந்த வேப்பிலையும் வைத்து உள்ளே தள்ளுவோம். மூடி சாத்தாது. நானும் தம்பியும் மேலே ஏறி உட்கார்ந்தால்தான் கொக்கி விழும்.

ரஜாய் உள்ளே போன வாரமே கூலர் வெளியே வரும். பழைய புல் தட்டியை எறிந்து புதுசு மாற்றி, தொட்டிக்கு வர்ணம் அடித்து ஜன்னலில் பொருத்துவார் அப்பா. தீபாவளி நெருங்கும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும். நடுவில் நவராத்திரி. பொம்மைகள் வெளியே வந்ததும் காலியான டிரங்குகளை அடுக்கி, மேலே பலகை போட்டு வேட்டி விரித்தால் கொலுப்படி தயார். ஒன்பது நாள் முடிந்ததும் படியே மறுபடி பெட்டியாகி, பொம்மைகள் அதற்குள் போய்விடும். ஒரு பொருள் இரண்டு வேலை செய்யாவிட்டால் அந்த வீட்டில் அதற்கு இடம் கிடையாது.

இதையெல்லாம் அம்மாவின் கெட்டிக்காரத்தனம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை, அவள் முதுகுவலியும் அதோடு சேர்ந்து வந்ததுதான். ஆனால் அந்த ஒழுங்கில் பாதி, வாசலுக்கு வந்துபோனவர்களுடையது என்று இப்போது சொல்வேன்.

பஞ்சு கொட்டுகிறவர் வருவார். ஆள் உயரத்துக்கு ஒரு வில், கையில் மரக் கட்டை. கட்டிதட்டிப்போன ரஜாயைப் பிரித்து, மாடியில் பஞ்சைக் குவித்து, வில்லின் நாணை அதில் வைத்துக் கட்டையால் அடிப்பார். அந்தச் சத்தம் இரண்டு பிளாக் தாண்டிக் கேட்கும். பஞ்சு இழை இழையாகப் பறந்து, சாயங்காலம் ரஜாய் புதுசாகிவிடும். கபாடிவாலா தராசோடு வந்து பேப்பரும் பாட்டிலும் எடைக்கு எடுத்துப் போவார். தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு பர்த்தன்வாலி வருவாள். அம்மா தன் அரைகுறை இந்தியில், "இத்னே மே பால்ட்டி தோ" (இவ்வளவுக்கு ஒரு வாளி கொடு) என்று படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேரம் பேசுவாள். அப்பாவின் பழைய பேன்ட், எங்களுக்குக் குட்டையான ஸ்வெட்டர், சாயம்போன புடவை எல்லாம் போய், ஒரு வாளி வீட்டுக்கு வரும். அந்தப் பெண்களில் நிறையப் பேர் மேற்கு தில்லியில் ரகுபீர் நகர்க்காரர்கள், பூர்வீகம் குஜராத் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வாங்கிய துணியை அங்கே பொழுது விடியும் முன் கூடும் சந்தையில் விற்பார்கள். தைத்து, வெளுத்து, பித்தான் மாற்றி அது இன்னொரு குடும்பத்தின் உடம்புக்குப் போகும். அம்மா எதையும் தூக்கி எறிந்ததில்லை. கைமாற்றிவிட்டாள்.

இப்போது நான் இருப்பது மயூர் விஹாரில், மூன்று படுக்கையறை ஃபிளாட். எல்லாக் கட்டிலும் பெட்டிக் கட்டில், சுவரெல்லாம் அலமாரி, மேலே பரண். ஒழுங்குபடுத்தச் சொல்லிக்கொடுக்கும் மேரி கோண்டோவின் தொடர் 2019 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது, என் மகள் துணிகளை நிமிர்த்தி நிற்கவைத்து அடுக்கினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் வேண்டாமென்று ஒதுக்கியதை நான்கு பைகளில் கட்டி ஹாலில் வைத்தாள். அங்கேதான் சிக்கல். பைகளை எடுத்துப்போக வாசலுக்கு யாரும் வரவில்லை. எங்கள் சொசைட்டி கேட்டில் பர்த்தன்வாலியை விடுவதில்லை. கபாடிவாலாவையும் பதிவுச் சீட்டு இல்லாமல் விடுவதில்லை. பாதுகாப்பு என்கிறார்கள். நல்ல துணிகளை 1999-இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர்கள் கிழிசல் பருத்தித் துணியைக்கூட வீணாக்காமல் பெண்களுக்கு மாதவிலக்குத் துணியாகத் தைக்கிறார்கள். மிச்சம் குப்பை வண்டியில் போனது.

குப்பை வண்டி எங்கே போகிறது என்பது மயூர் விஹார்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாடியிலிருந்து பார்த்தாலே காஜிப்பூர்க் குப்பை மலை தெரியும். 1984-இல் தொடங்கிய கிடங்கு அது. 2002-லேயே நிரம்பிவிட்டது, அதற்குப் பிறகும் கொட்டினார்கள். 2017 செப்டம்பரில் ஒரு பக்கம் சரிந்து சாலையில் போனவர்களைக் கால்வாயில் தள்ளியது. இரண்டு பேர் செத்தார்கள். 2019-இல் அதன் உயரம் 65 மீட்டர். குதுப்மினாரே 73 மீட்டர்தான். வெயில் காலத்தில் அது தீப்பிடித்தால் புகை எங்கள் ஜன்னலுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் மே மாதம் ஆந்தி என்கிற புழுதிப்புயல் அடித்து ஓய்ந்தபின் தரையைத் துடைத்தால் துணி காவி நிறமாகும். ராஜஸ்தான் மண், உதறினால் போய்விடும். இன்று நவம்பரில் தரையைத் துடைத்தால் துணி கறுக்கிறது. அலசினாலும் போவதில்லை.

எங்கள் வீட்டைத் துடைத்து வைப்பவர் திரிலோக்புரியிலிருந்து வருகிறார். அவசரநிலைக் காலத்தில் குடிசைகளை இடித்து, ஜனங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய காலனிகளில் அது ஒன்று. அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஒரே அறை. மூலையில் இரும்புப் பெட்டி, அதன்மேல் மெத்தை, பூப்போட்ட விரிப்பு. "பைட்டியே ஆன்ட்டிஜி" என்று அதில்தான் என்னை உட்கார வைத்தார். சுவர் முழுக்கத் துலக்கிய எவர்சில்வர், அளவுவாரியாக. ரஜாய் எங்கே என்று கேட்டேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார். பாத்திரங்களில் பாதி பழைய துணிக்கு வாங்கியவையாம். அவர்கள் சந்துக்குப் பர்த்தன்வாலி இன்னமும் வருகிறாள்.

சொசைட்டிக் கூட்டத்தில் இதை எழுப்பியிருக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது கபாடிவாலாவையும் பர்த்தன்வாலியையும் உள்ளே விட வேண்டும். கீழே வேப்பமரத்தடியில் அவர்கள் உட்கார இடம் வேண்டும். வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்லி 2016-லேயே விதி வந்தாகிவிட்டது. பிரித்ததை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் நகரத்தில் இருக்கும்போது அவர்களைக் கேட்டில் நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. செயலாளர் யோசிக்கலாம் என்றிருக்கிறார். இரண்டாவது மாடியில் ஒரு பஞ்சாபி அம்மாள் எனக்கு ஆதரவு. அவர் வீட்டிலும் மூட்டைகள் காத்திருக்கின்றன. அடுத்த கூட்டம் ஹோலிக்குப் பிறகு.