படம் ஒன்று, தேதி வேறு

கேள்வி: கோவில்பட்டியில் கடலைமிட்டாய் தயாரிக்கிறோம். குடும்பமும் வேலையாட்களும் சேர்த்து ஏழு பேர். இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று என்று தினமும் புதுசு புதுசாகப் போடச் சொல்கிறார்கள். நாங்கள் பாகு காய்ச்சுவதா, பதிவு காய்ச்சுவதா?

பதில்: பாகு காய்ச்சுங்கள். பதிவை மாதம் ஒரு முறை காய்ச்சினால் போதும். இதற்கு வழிகாட்டி உங்கள் ஊரிலேயே இருந்திருக்கிறார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த சி. கொண்டைய ராஜு (1898–1976), கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சேர்ந்து தெய்வப் படங்கள் வரைந்தார். அவை சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாகத் தமிழ்நாடெங்கும் சுவரேறின. அந்தக் காலண்டரை ஒரு நிமிஷம் மனதுக்குள் மாட்டிப் பாருங்கள். மேலே மீனாட்சி கல்யாணம், அதன் கீழே கடையின் பெயர், அடியில் தினமும் கிழிக்கிற தாள். ஜவுளிக்கடைக்கும் அதே படம்தான், உரக்கடைக்கும் அதே படம்தான். கடைப்பெயர் மாறும், தேதி மாறும், படம் மாறாது. வருஷம் முடிந்ததும் அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜையறையில் வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ. வரைந்தது ஒரு முறை. பயன்பட்டதோ பல ஊரில், பல கடையில், பல வருஷம்.

உங்கள் விளம்பரத்திலும் இந்த இரண்டு பகுதிகள் உண்டு. எந்த மண்ணில் விளைந்த கடலை, வெல்லம் எங்கிருந்து வருகிறது, பாகை எந்தப் பதத்தில் இறக்குகிறீர்கள், ஏன் அந்தப் பதம் என்பதெல்லாம் படம். இந்த வார விலை, தீபாவளி ஆர்டருக்குக் கடைசி நாள், மழையால் கூரியர் ஒரு நாள் தாமதம் என்பதெல்லாம் தேதி. தினமும் புதிதாகப் போடச் சொல்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். தேதி தினமும் மாறட்டும், அதற்கு இரண்டு நிமிஷம் போதும். தினமும் ஒரு படம் வரைய உட்கார்ந்தால் படமும் நன்றாக வராது, மிட்டாயும் நன்றாக வராது. ஏழு பேர் உழைக்கிற தொழிலில் மிட்டாய் கெடுவதைவிடப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

கேள்வி: அப்படியானால் ஒரே ஒரு வீடியோ எடுத்து, எல்லாத் தளத்திலும் அப்படியே ஏற்றிவிடலாமா?

பதில்: எடுப்பது ஒன்றாக இருக்கலாம். ஏற்றுவது அப்படியே இருக்கக் கூடாது. பதம் பார்க்கிற காட்சியையே எடுத்துக்கொள்வோம். கொதிக்கிற வெல்லப்பாகிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுகிறார்கள். எடுத்து விரலால் உருட்டுகிறார்கள். இளகினால் இன்னும் கொதிக்க வேண்டும். கல்லாக இறுகி, தட்டில் போட்டதும் ‘டண்’ என்று சத்தம் வந்தால் இறக்கலாம். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை அதில் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, கட்டையால் உருட்டி, சூடு ஆறுவதற்குள் வில்லை போட வேண்டும். கொஞ்சம் முந்தி இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், கொஞ்சம் பிந்தினால் பாகு கசக்கும். இதைக் காய்ச்சுகிறவரே பேசிக்கொண்டு செய்கிற பத்து நிமிஷப் பதிவு இருந்தால், ஒரு மாதத்துக்கான மூலச்சரக்கு கையில் இருக்கிறது என்று பொருள்.

இனி, யார் எந்த நிலையில் இருந்து பார்க்கிறார் என்பதுதான் கணக்கு. யூடியூபில் ‘கடலைமிட்டாய் செய்வது எப்படி’ என்று தேடி வந்தவருக்கு நேரம் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது. அவருக்குப் பத்து நிமிஷத்தையும் கொடுங்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் உங்களைத் தேடி வந்தவர் இல்லை. ‘வணக்கம் நண்பர்களே’ என்று தொடங்கினால் வணக்கம் முடிவதற்குள் போய்விடுவார். அங்கே முதல் நொடியிலேயே சொட்டு தண்ணீரில் விழ வேண்டும். சட்டகம் நிமிர்ந்திருக்க வேண்டும். பஸ்ஸில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால், ‘சத்தம் வைத்துக் கேளுங்கள்’ என்று திரையில் எழுதிவிட்டு அந்த ‘டண்’ணைக் காட்டுங்கள். பதிவின் கீழ்க்குறிப்பில் எழுதுகிற இணைப்பைத் தொட்டால் அங்கே திறக்காது. அதனால் ஆர்டர் எண்ணை வீடியோவுக்குள்ளேயே காட்டுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் இருப்பவர் ஏற்கெனவே உங்கள் மிட்டாயைத் தின்றவர். அவரிடம் பதத்தைப் பற்றி மறுபடி பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. புதுச் சரக்கின் ஒரு படம், கிலோ விலை, எந்தக் கிழமை கூரியர் போகும் என்ற மூன்றும் அவருக்குப் போதும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்திலும் ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி அச்சிடுவது, பத்து ரீல்ஸ் செய்யாத வேலையைச் செய்யும். கூகுள் மேப்பில் உங்களைப் பார்ப்பவர், மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குத் தேசிய நெடுஞ்சாலை 44-இல் காரில் போய்க்கொண்டிருப்பவர். பைபாஸை விட்டு ஊருக்குள் திரும்பலாமா, கடை திறந்திருக்குமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதே அவர் கேள்வி. தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி பெயர்ப்பலகையின் புகைப்படத்தையும், சரியான நேரத்தையும் அங்கே வையுங்கள். வீடியோ எடுக்கிற அன்றே வாசலுக்கு வந்து அந்தப் படத்தையும் எடுத்துவிடலாம். சரக்கு ஒன்றாக இருந்தும் நான்கு பேருக்கும் நாலு விதமாகப் போவது இப்படித்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஒரு செயலியில் ஏற்றிய வீடியோவை அங்கிருந்து இறக்கி, அதன் முத்திரையோடு இன்னொன்றில் போடாதீர்கள். வேறு செயலியின் முத்திரை தெரிகிற ரீல்ஸைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021-லேயே சொல்லிவிட்டது. வெட்டாத மூலப் பதிவை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொன்னதையே திரும்பச் சொன்னால் வாடிக்கையாளருக்குச் சலிக்காதா? ஒரே விஷயம் பல இடத்தில் இருந்தால் கூகுள் தண்டிக்கும் என்றும் பயமுறுத்துகிறார்களே?

பதில்: முதலில் சலிப்பது உங்களுக்குத்தான். போட்ட அத்தனையையும் பார்த்த ஒரே ஆள் நீங்கள். மற்றவர்கள் கண்ணில் அதில் ஏதோ ஒன்றிரண்டுதான் பட்டிருக்கும். போன மாதம் உங்களை அறியாதவர் இந்த மாதம் முதல் தடவையாகப் பார்க்கிறார்; அவருக்கு அது புதிது. ஆனால் இந்தக் கேள்வி முழுக்க முழுக்க நியாயமாகிற ஓர் இடம் உண்டு. அது வாட்ஸ்அப். அங்கே அனுப்புவதெல்லாம் அவர் கைக்கு நேரே போகிறது. ஒரே படத்தை மூன்று தடவை அனுப்பினால் நாலாவது தடவை பிளாக் செய்துவிடுவார். அதில் தவறு அவர்மேல் இல்லை. அங்கே திரும்பச் சொல்லாதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்தில் சும்மா இருங்கள். கூகுளைப் பற்றிய பயம் தேவையற்றது. ஒரே மாதிரி பக்கங்கள் இருப்பதற்காகத் தண்டனை எதுவும் இல்லை, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து காட்டுவோம் என்று 2008-லேயே அவர்கள் விளக்கம் கொடுத்துவிட்டார்கள். ஏமாற்றுவதற்காக நகலெடுப்பது வேறு சங்கதி. உங்கள் கதையை நீங்களே இரண்டு இடத்தில் சொல்வது அதில் சேராது.

கேள்வி: ஆள் பலம் இல்லாதவர்கள் எதற்கு நாலு இடத்தில் கால் வைக்க வேண்டும்? ஒரே தளத்தில் ஊன்றி நின்றால் ஆகாதா?

பதில்: 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அதை மட்டுமே நம்பி லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்திருந்த தமிழ்க் கலைஞர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும், அந்தக் கூட்டத்தோடு பேச ஒரு வழியும் இல்லாமல் போனது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. மூலப் பதிவுகளைத் தன் கையில் வைத்திருந்தவருக்கு அது இன்னொரு கடை. எல்லாவற்றையும் செயலிக்குள்ளேயே விட்டு வைத்திருந்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தளம் என்பது வாடகை இடம். அதன் சட்டதிட்டத்தை நாம் எழுதுவதில்லை.

என்றாலும் உங்கள் கேள்வியில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆறு தளங்களில் அரைகுறையாக இருப்பதைவிட இரண்டில் ஒழுங்காக இருப்பது மேல். கடைசிப் பதிவு எட்டு மாதத்துக்கு முந்தியதாக நிற்கிற பக்கம், கடை மூடிவிட்டது என்ற எண்ணத்தையே தரும். எனவே, தெரியாதவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க ஓர் இடம், தெரிந்தவர்கள் உங்களிடம் வாங்க ஓர் இடம் என்று இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய்க்கு என்னைக் கேட்டால் யூடியூபும் வாட்ஸ்அப்பும் என்பேன். மூன்றாவதைத் தொடங்கலாம் என்று தோன்றினால், முதல் இரண்டும் மூன்று மாதம் தடங்கல் இல்லாமல் நடக்கின்றனவா என்று பாருங்கள். எந்தத் தளத்தோடும் போகாத சொத்து ஒன்று உண்டு. அது வாங்கியவர்களின் பெயரும் எண்ணும் எழுதி வைத்திருக்கிற உங்கள் நோட்டு.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் பத்து நிமிஷ வீடியோவைப் பத்துப் பதிவாக ஒரே நிமிஷத்தில் வெட்டித் தருகிறதே. நீங்கள் சொல்கிற வேலையெல்லாம் எதற்கு?

பதில்: வெட்டட்டும். பேச்சை எழுத்தாக்கவும், நீளமானதைத் துண்டு போடவும் அது உதவினால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆபத்து சுருக்குவதில் இருக்கிறது. அதை மனிதர் செய்தாலும் ஆபத்துதான். வீடியோவில் நீங்கள், ‘வெள்ளைச் சர்க்கரை சேர்க்கிறதில்லை, வெல்லம் மட்டும்தான்’ என்று சொல்கிறீர்கள். அது உண்மை. தலைப்புக்கு இடம் போதவில்லை என்று அது ‘சர்க்கரை இல்லாத கடலைமிட்டாய்’ ஆகிறது. அது பொய். வெல்லமும் கரும்புச் சாற்றைக் காய்ச்சியதுதான். அதில் பெரும்பகுதி சர்க்கரையே. இந்த மூன்று வார்த்தையை நம்பி ஒரு நீரிழிவுக்காரர் நாலு வில்லை சாப்பிட்டால் அதற்கு யார் பொறுப்பு? உணவுப் பொருள் விளம்பரங்களில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் வருஷத்து விதிமுறைகள் இருக்கின்றன. லேபிளுக்கு மட்டுமல்லாமல் உங்கள் ரீல்ஸுக்கும் அவை பொருந்தும்.

இன்னொன்று, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பண்டத்துக்குக் கிடைத்த பெருமை. சுருக்குகிறபோது ‘எங்கள் கம்பெனிக்குப் புவிசார் குறியீடு’ என்று ஆகிவிட்டால் பக்கத்துக் கடைக்காரரின் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டதாக ஆகும். 1999-ஆம் வருஷச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டவர்தான் அந்தப் பெயரின் உரிமையைக் கோர முடியும். ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாத வாக்கியங்கள் ஐந்தாறை முதலிலேயே எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். என்ன கலக்கிறோம், என்ன கலப்பதில்லை, எத்தனை நாள் கெடாது, யாருக்கு ஆகாது என்பவை அதில் இருக்கட்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையும் அதில் ஒன்று. எந்தக் கருவி வெட்டிக் கொடுத்தாலும், அந்தத் தாளோடு ஒப்பிட்டு வீட்டில் ஒருவர் வாசித்த பிறகுதான் வெளியே போக வேண்டும்.

கேள்வி: போன தீபாவளிக்குப் போட்ட வீடியோ நன்றாக ஓடியது. இந்த தீபாவளிக்கும் அதையே போடலாமா?

பதில்: போடலாம், அதன்மேல் போன வருஷ விலையை எழுதியிருக்காவிட்டால். இனிமேல் விலையையும் தேதியையும் வீடியோவுக்குள் பதிக்காமல் கீழே தனியாக எழுதுங்கள்.