கேடயம் தாங்கிய கேள்விகள்

கே: மாமா, எங்கள் ஆபீஸ் பையன் 'மேனிஃபெஸ்ட், மேனிஃபெஸ்ட்' என்று முணுமுணுக்கிறானே, அது என்ன மந்திரம்?

ப: மந்திரம் இல்லை, மனு. விண்டோஸ் வாசலில் நிற்கும் நிரல் "எனக்கு இவ்வளவு அதிகாரம் போதும்" என்று எழுதிக் கொடுக்கும் நாலைந்து வரி எக்ஸ்.எம்.எல். பெரும்பாலும் இ.எக்ஸ்.இ கோப்பின் வயிற்றுக்குள்ளேயே, 24ஆம் வகை ரிசோர்ஸாகக் கிடக்கும். நீங்கள் டபுள் கிளிக் செய்ததும், நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே விண்டோஸ் இதைப் படித்துவிடும். வேலை தொடங்கியபின் மனு செல்லாது.

கே: மனுவில் என்னென்ன கேட்கலாம்?

ப: மூன்றில் ஒன்று. 'அஸ்இன்வோக்கர்': கூப்பிட்டவரின் தகுதியே என் தகுதி. 'ஹையஸ்ட்அவைலபிள்': கூப்பிட்டவரிடம் இருப்பதில் உச்சம் எதுவோ அது. 'ரிக்வயர்அட்மினிஸ்ட்ரேட்டர்': அட்மின் இல்லாமல் வாசப்படி தாண்டமாட்டேன். பில் போட, கடிதம் அடிக்க, பாட்டுக் கேட்க முதலாவதே தாராளம். கால்குலேட்டருக்கு எதற்குக் கலெக்டர் கையெழுத்து?

கே: நடுவில் உள்ள 'ஹையஸ்ட்அவைலபிள்' யாருக்கு?

ப: ரெஜிஸ்ட்ரி எடிட்டர் நல்ல உதாரணம். அட்மின் திறந்தால் முழு வீட்டையும் காட்டும். சாதாரணப் பயனர் திறந்தால் அவருடைய அறையை மட்டும் திருத்த விடும். இருவருக்கும் வேலை நடக்கும், யாரையும் வாசலில் நிறுத்தாது.

கே: கணினி என்னுடையது, அட்மினும் நான்தான். என்னிடமே அனுமதி கேட்பது அவமானமாக இல்லையா?

ப: சாவி உங்களுடையதுதான். இடுப்பில் இல்லை, பீரோவில் இருக்கிறது. அவ்வளவே வித்தியாசம்.

விஸ்டா தொடங்கி, அட்மின் லாகின் செய்யும்போது விண்டோஸ் இரண்டு டோக்கன் தயாரிக்கிறது. ஒன்று முழு அதிகாரம். மற்றது பல் பிடுங்கியது. அன்றாடம் ஓடுவதெல்லாம் பல் பிடுங்கிய டோக்கனில். மேனிஃபெஸ்ட் கேட்டு, நீங்களும் 'எஸ்' சொன்னால்தான் முழு டோக்கன் வெளியே வரும்.

கே: எக்ஸ்பி காலத்தில் இந்தத் தொல்லையே இல்லையே?

ப: வைரஸுக்கும் அப்போது தொல்லை இல்லை. எக்ஸ்பியில் பெரும்பாலான வீடுகளில் எல்லாரும் அட்மின். மெயிலில் வந்த விருந்தாளியும் அட்மின். அந்தச் சத்திரத்துக்கு 2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்த விஸ்டா கதவு வைத்தது. கதவின் பெயர் யு.ஏ.சி.

கே: யு.ஏ.சி அனுமதி கேட்கும் அந்தப் பெட்டி வரும்போது திரை ஏன் இருட்டுகிறது? என் மானிட்டர் போய்விட்டதோ என்று பயந்தேன்.

ப: மானிட்டர் நலம். நீங்கள் பார்ப்பது வேறு ஒரு டெஸ்க்டாப். பின்னால் மங்கலாகத் தெரிவது உங்கள் பழைய டெஸ்க்டாப்பின் போட்டோ. சாதாரண நிரல் எதுவும் அங்கே நுழைய முடியாது. ஆகவே உங்களுக்குப் பதிலாக 'எஸ்' பொத்தானை அமுக்கவும் முடியாது. திருமணத்துக்குச் சம்மதம் கேட்கும்போது பெண்ணைத் தனியாக அழைத்துக் கேட்பார்கள் அல்லவா, அந்த மரியாதை.

கே: நான் பத்து வருடமாக மேனிஃபெஸ்ட் இல்லாமலே நிரல் எழுதி விற்கிறேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எதற்கு இந்தச் சடங்கு?

ப: தம்பி, நீங்கள் சொல்வது பொய்யில்லை. ஓடும். எங்கே எழுதுகிறது என்று பார்த்தீர்களா?

எனக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரக் கடை. ஒரே கணினி, விண்டோஸ் 7. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், தனித்தனி லாகின். காலைக்காரர் திறந்தால் துவரம்பருப்பு நாற்பது மூட்டை இருப்பு. மாலைக்காரர் திறந்தால் இருபத்தைந்து. முதலாளி இருவரையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

மூட்டையை யாரும் திருடவில்லை. பில்லிங் நிரல் தன் கணக்குக் கோப்பை 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளேயே வைத்திருந்தது. சாதாரண டோக்கனுக்கு அங்கே எழுத உரிமை கிடையாது. மேனிஃபெஸ்ட் இல்லாத 32 பிட் நிரல் என்பதால் விண்டோஸ் இரக்கப்பட்டு, எழுதியதை எல்லாம் ஓசைப்படாமல் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டது. அந்த ஃபோல்டர் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. ஒரே கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம்; இருவருமே தம் புத்தகத்தில் நேர்மையாக எழுதியிருந்தார்கள்.

இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, பில் எண் ஒவ்வொன்றாகச் சேர்க்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மாலைக்காரர் தம் தரப்பு எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி எண் ஒத்துப்போனபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! களவுப் பழி சாதாரணச் சுமையா?

கே: அப்படியானால் 'அஸ்இன்வோக்கர்' என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்ததா?

ப: பாதி தீரும், மீதி வெடிக்கும். மேனிஃபெஸ்டில் அந்த வரி வந்ததும் 'விர்ச்சுவல்ஸ்டோர்' சலுகை ரத்து. நிரல் பழைய ஃபோல்டரைத் தேடி, முதல் நாள் வைத்த காலிக் கோப்பைக் காட்டும். "டேட்டா போச்சு" என்று போன் வரும்.

ஆகவே முதலில் கோப்புகளை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எல்லாருக்கும் பொதுவான கணக்கு என்றால் 'புரோகிராம்டேட்டா'. ஒருவருடைய விருப்ப அமைப்பு என்றால் அவருடைய 'ஆப்டேட்டா'. பொது ஃபோல்டரில் ஒருவர் உண்டாக்கிய கோப்பை மற்றவர் திருத்த முடியாது என்பதால், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமையை இன்ஸ்டாலர் கொடுக்கட்டும். பிறகு மேனிஃபெஸ்ட். வரிசை மாறினால் ஞாயிற்றுக்கிழமை போச்சு.

கே: எதற்கும் இருக்கட்டும் என்று 'ரிக்வயர்அட்மினிஸ்ட்ரேட்டர்' போட்டுவிட்டால் எல்லாப் பிரச்சினையும் ஒழியுமே?

ப: ஒழியாது, இடம் மாறும். கடைப் பையனுக்குச் சாதாரணக் கணக்கு; அவன் நிரலைத் திறக்கும்போதெல்லாம் முதலாளி வந்து பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். மூன்றாம் நாள் அந்தப் பாஸ்வேர்டு கல்லாப்பெட்டியின் மேல் சீட்டில் ஒட்டியிருக்கும்.

இன்னொன்று. அப்படித் திறந்த நிரல் முதலாளியின் பெயரில் ஓடும். பையன் 'டாகுமெண்ட்ஸ்' என்று போனால் திறப்பது முதலாளியின் டாகுமெண்ட்ஸ். அவன் சேமித்த கோப்பை அவனே தேடுவான், தேடுவான், தேடிக்கொண்டே இருப்பான்.

கே: அட்மினாகத் திறந்தால் என் இசட் டிரைவைக் காணோம்!

ப: நெட்வொர்க் டிரைவை நீங்கள் இணைத்தது பல் பிடுங்கிய டோக்கனின் அமர்வில். முழு டோக்கனுக்குத் தனி அமர்வு. அந்த வீட்டில் இசட் என்று யாரும் இல்லை. நிரலுக்கு அட்மின் தேவைதானா என்று முதலில் கேளுங்கள். பல நேரம் டிரைவ் தானே திரும்பி வரும்.

கே: எக்ஸ்ப்ளோரரிலிருந்து கோப்பை இழுத்து நிரலின் மேல் போட்டால் தடைச் சின்னம் காட்டுகிறது. மவுஸ் கோளாறா?

ப: அந்தஸ்து கோளாறு. விண்டோஸில் கீழ், நடு, மேல் என்று நம்பிக்கைப் படிகள் உண்டு. எக்ஸ்ப்ளோரர் நடுப்படி, அட்மின் நிரல் மேல்படி. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் ஜன்னலுக்குள் எதையும் வீச முடியாது. வீச விட்டால் வைரஸும் வீசுமே!

கே: என் நிரலின் பெயர் 'ஸ்டாக் அப்டேட்'. அட்மினே கேட்கவில்லை, ஆனாலும் அட்மின் அனுமதிக்கான கேடயப் படம் அதன் ஐகான் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் செய்த பாவம் என்ன?

ப: பெயர் வைத்ததுதான். மேனிஃபெஸ்டில் நிலை சொல்லாத 32 பிட் நிரலைப் பார்த்தால் விண்டோஸ் ஜாதகம் கணிக்கும். கோப்பின் பெயரில் 'இன்ஸ்டால்', 'செட்டப்', 'அப்டேட்' என்று ஏதாவது இருந்தால் "இது நிறுவும் நிரல்" என்று முடிவுகட்டி அட்மின் கேட்கும். பெயரை மாற்ற வேண்டாம். 'அஸ்இன்வோக்கர்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாதவருக்குத்தான் மற்றவர் ஜாதகம் எழுதுவார்கள்.

கே: நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் அட்மின் ஆக முடியாதா?

ப: முடியாது. டோக்கன் பிறவியிலேயே ஒட்டியது. புதிதாக ஒரு நிரலைத்தான் பெற்றெடுக்க வேண்டும்.

ஆகவே வேலையைப் பிரியுங்கள். பெரிய நிரல் 'அஸ்இன்வோக்கர்'. சர்வீஸ் நிறுவுவது, ஃபயர்வாலில் வழி திறப்பது மாதிரி அபூர்வ வேலைக்கு மட்டும் குட்டி நிரல் ஒன்று, அதற்கு 'ரிக்வயர்அட்மினிஸ்ட்ரேட்டர்'. கூப்பிடும் பொத்தானில் கேடயப் படம் வையுங்கள். பயனர் அதை அமுக்கும்போதே என்ன வரும் என்று தெரிந்துகொள்வார். சொல்லிவிட்டு வரும் விருந்தாளிக்குத்தானே சோறு மிஞ்சும்!

கே: அப்படித்தான் குட்டி நிரலைக் கூப்பிட்டேன். 740 என்று பிழை எண் வருகிறதே?

ப: 'கிரியேட்புராசஸ்' வழியாகக் கூப்பிட்டிருப்பீர்கள். அதற்கு அனுமதி கேட்கத் தெரியாது. 'ஷெல்எக்ஸிக்யூட்' பக்கம் போய் 'ரன்அஸ்' என்ற வினைச்சொல்லோடு கூப்பிடுங்கள்.

கே: மேனிஃபெஸ்டில் 'யுஐஆக்சஸ்' என்று இன்னொன்று இருக்கிறதே, அதையும் 'ட்ரூ' ஆக்கிவிடலாமா?

ப: தொடாதீர்கள். அது பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் நிரல்களுக்கும் திரை விசைப்பலகைக்கும் ஒதுக்கிய இருக்கை. மேல்படியில் ஓடும் ஜன்னலையும் படித்துச் சொல்ல அவற்றுக்கு அந்த உரிமை தேவை. அதனால்தான் நம்பகமான டிஜிட்டல் கையொப்பமும், 'புரோகிராம் ஃபைல்ஸ்' போன்ற பாதுகாப்பான இடமும் இருந்தால்தான் விண்டோஸ் அதைத் தரும். பஸ்ஸில் மாற்றுத்திறனாளி இருக்கையில் துண்டு போடுகிறவர் மேல் வரும் கோபம் எனக்கு இதிலும் வரும்.

கே: வேண்டிய அதிகாரம் மட்டும் போதும் என்ற இந்தத் தத்துவம் மைக்ரோசாஃப்ட் கண்டுபிடித்ததா?

ப: தாமதமாக வந்து சேர்ந்தது. சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975இல் எழுதிய கட்டுரையிலேயே தெளிவாக இருக்கிறது. யூனிக்ஸ்காரர்களுக்கு 1980 வாக்கில் 'சுடோ' கிடைத்தது.

கே: யு.ஏ.சி வந்ததே மனிதரை எரிச்சலூட்டத்தான் என்கிறார்களே?

ப: அதைச் சொன்னவரே மைக்ரோசாஃப்ட் ஆள். டேவிட் கிராஸ், 2008இல் ஆர்.எஸ்.ஏ மாநாட்டில். எரிச்சல் உங்களுக்கு, குறி நிரல் எழுதுகிறவர்களுக்கு. வாடிக்கையாளர் திட்டினால்தான் அவர்கள் மேனிஃபெஸ்டைத் திருத்துவார்கள் என்ற கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காது. அநாவசியமாகக் கேட்கக் கேட்க ஆள் பூம்பூம் மாடாகிவிடுகிறார். நிஜத் திருடன் கேட்கும் நாளிலும் தலை தானாக ஆடும்.

கே: அப்படியானால் யு.ஏ.சியை அணைத்துவிடலாமா?

ப: நாய் குரைக்கிறது என்று கதவைக் கழற்றுவார்களா? எது அடிக்கடி கேட்கிறதோ அந்த நிரலை எழுதியவருக்குக் கடிதம் போடுங்கள்.

கே: வைரஸ் எழுதுகிறவன் 'அஸ்இன்வோக்கர்' என்று போட்டு, எதுவும் கேட்காமல் வந்தால்?

ப: நல்ல கேள்வி, கசப்பான பதில். வரும். உங்கள் போட்டோ, உங்கள் டாகுமெண்ட்ஸ், நீங்கள் தொடக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் தொடும். யு.ஏ.சி காப்பது வீட்டின் தூணையும் கூரையையும்; மேஜை மேல் கிடக்கும் பர்ஸை அல்ல. பர்ஸுக்கு பேக்கப் எடுங்கள். இன்றைக்கே.

கே: ஒரு நிரல் எதைக் கேட்கிறது என்று ஓட்டாமலே பார்க்க வழி உண்டா?

ப: உண்டு. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'சிக்செக்' என்று இலவசக் கருவி. கமாண்ட் லைனில் 'எம்' சுவிட்சோடு ஓட்டினால் மேனிஃபெஸ்ட் முழுதும் திரையில் கொட்டும். வாங்கும் முன் பாருங்கள். பில்லிங் நிரல் அட்மின் கேட்டால் விற்றவரிடம் ஏன் என்று கேளுங்கள். பதிலில் 'சும்மா' என்ற சொல் வந்தால் பணத்தைப் பையில் போடுங்கள்.

கே: மாமா, நான் ஏழாம் வகுப்பு. அந்தப் பெட்டி வந்தால் 'எஸ்' அழுத்தணுமா, 'நோ' அழுத்தணுமா?

ப: கண்ணு, பெட்டி வருவதற்கு முந்தின நொடி நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? நீயே ஒன்றைத் திறந்து, பெட்டியில் அதே பெயர் இருந்தால், அப்பாவிடம் காட்டிவிட்டு 'எஸ்'. சும்மா வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றால் 'நோ'. மறுபடி வந்தாலும் 'நோ'. மூன்றாம் தரம் வந்தால் வயரைப் பிடுங்கிவிட்டு எனக்கு எழுது.