மூச்சு விடாத பாய்லரும் என் பேராண்டியும்

வா பேராண்டி. கொழும்புல நாலு காசு சேத்துக்கிட்டு டயகமைக்கு வந்திருக்க. லயத்துக் காம்பரா போயி 7 பேர்ச் காணியில 550 சதுர அடி வீடும் ஆச்சு. இப்ப வெறகு அடுப்புல பாய்லர் வச்சு, குழாயத் தொறந்தா சுடுதண்ணி, வீடெல்லாம் கதகதப்புன்னு தொரை மாதிரி இருக்கப் போறியாமே. இரு, யாரு வேணாங்குறா? தை மாசம் நுவரெலியாப் பக்கம் புல்லு மேல பனி ஒறையுது. அந்தக் குளிரு தொரையா தோட்டத்தாளான்னு பாத்தா அடிக்குது?

பழைய பங்களாக் குசினியப் பாத்திருக்கியா? இரும்பு அடுப்பு, நெருப்புக்குப் பின்னால தண்ணிப்பெட்டி, அதுக்கு மேல தாங்கி. சூடான தண்ணி லேசாகித் தானா மேல ஏறும், குளுந்தது கீழ எறங்கும். மோட்டாரும் இல்ல, கரண்டும் இல்ல. கோக்கி ரொட்டி சுடுற நெருப்புலயே தொரைசாணி குளிக்கத் தண்ணியும் காஞ்சிரும். வெள்ளைக்காரன் ஒரு கொள்ளிக்கிட்ட ரெண்டு வேலை வாங்குனான். நம்மகிட்டயும் அப்படித்தானே வாங்குனான்.

அந்தத் தாங்கியிலேர்ந்து ஒரு வெறுங்குழாய் கூரையத் தாண்டி நிக்கும். அதுதான் மூச்சுக்குழாய். நீ என்னடான்னா, "தூசு விழும், மூடி போட்டுருங்க"ன்னு மேசன்பாஸ்கிட்ட சொன்னியாம். போடு ராசா. தண்ணி கொதிச்சு ஆவியானா 1,600 மடங்குக்கு மேல எடம் கேக்கும். ஒங்கிட்ட இருக்கிறதோ 550 சதுர அடி. மிச்ச எடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட இப்பவே சொல்லி வையி.

அடுத்தது வெறகு. நேத்து வெட்டுன சவுக்க மழையோட மழையா கொண்டாந்து அடுப்புல திணிக்கிற. பச்ச மரத்துல பாதிக்குப் பாதி தண்ணிடா. நீ காய வைக்க நெனைக்கிறது ஒரு தண்ணி, நெருப்பு மொதல்ல காய வைக்கிறது வேற தண்ணி. தேயிலை ஸ்டோருக்குப் போயி பாரு. நாலுல மூணு பங்கு தண்ணியா வர்ற கொழுந்த நூத்துக்கு மூணுன்னு வத்த வைக்கணும். அதனாலதான் அவங்க வெறகக் கொட்டாயில அடுக்கி, காஞ்ச பெறகு அடுப்புல போடுறாங்க. கவ்வாத்து மிலாறு பத்த வைக்க நல்லா இருக்கும்; சடசடன்னு புடிக்கும், சடசடன்னு அவிஞ்சும் போகும். அதுவும் ஒரு மலையில கவ்வாத்து நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான். ஒன் பாய்லர் அதுவரைக்கும் பொறுக்குமான்னு கேட்டுப் பாரு.

ஈர வெறகுப் பொகையெல்லாம் பொகக்கூண்டுக்குள்ள தாரா ஒட்டும். ஒருநாள் அந்தத் தாரே பத்திக்கும். தேய்ச்சுச் சுத்தம் பண்ண ஆள் இருக்கா? லயத்துல நமக்குப் பொகக்கூண்டே கெடையாது, அதனால அதைத் தேய்க்கிற தொல்லையும் இல்ல. கூரைத் தகரம் கருத்துச்சு, ஒன் பாட்டி இருமுனா, வேலை முடிஞ்சிச்சு. இன்னொண்ணு, கதவு ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்திக்கிட்டுக் கங்குச்சட்டிய உள்ள வச்சுத் தூங்குற புத்தி வேணாம். பொகையாச்சும் கண்ணக் கரிச்சு எழுப்பி விடும். கங்குல வர்ற விசக்காத்துக்கு நெறமுமில்ல, வாசமுமில்ல. எழுப்பாமலே கொண்டு போயிரும்.

சரி, எல்லாம் பண்ணிட்ட. வெறகு யாரு கொண்டாறது? பங்களாவுல அதுக்குன்னு ஆளு வச்சு, பேரு போட்டுச் சம்பளம் குடுத்தாங்க. இங்க ஒன் பொண்டாட்டி காலைல கூடையோட மலையேறி, அந்தியில மடுவத்துல கொழுந்த நிறுத்துட்டு, தலையில வெறகுக்கட்டோட எறங்குது. 2022-ல காஸ் சிலிண்டர் 4,860 ரூவான்னு ஆனப்போ, "தாத்தா, ஊருல நமக்கு வெறகு சும்மாதானே"ன்னு போன்ல சிரிச்சியே, அந்தச் சும்மா வெறகு இதுதான்.

மூச்சுக்குழாய்க்கும் பொகக்கூண்டுக்கும் பாஸக் கூப்பிடு. வெறகுக்கு மட்டும் எங்கிட்ட வராத, அவகிட்டப் போயி கேளு. மாட்டேன்னுட்டான்னா பீலி அங்கனதான் ஊத்திக்கிட்டுக் கெடக்கு. குளுரும்தான், ஆனா வெறகு கேக்காது.