சாமியார் ஆகாத லத்தீன் சார்

காவிரிப் பாசனப் பகுதியில் எந்தக் கத்தோலிக்கப் பங்கை எடுத்தாலும் ஒருவர் இருப்பார்: சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவர். ஊர் அவரை எதிரில் 'குருமடத்தில் படித்தவர்' என்றும், காதில் விழாத தூரத்தில் 'ஓடி வந்தவர்' என்றும் சொல்லும். பெரும்பாலும் வாத்தியார் ஆகிவிடுவார். பூசையில் வாசகம் வாசிப்பார், பங்குப் பேரவையில் கணக்குக் கேட்பார், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆயருக்கு மனு எழுதுவார். இந்த இனத்தில் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் மட்டும் தனி ரகம். அவர்களுக்கு லத்தீன் தெரியும்.

தெரியும் என்பதோடு நின்றால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. மன்னார்குடியில் உலவும் நம் லத்தீன் சாருக்கு அது தெரியும் என்பது உங்களுக்கும் தெரிந்தாக வேண்டும்.

அவர் குருமடத்துக்குள் நுழைந்தது 1960களின் தொடக்கத்தில். லத்தீன் படிக்க அதைவிட மோசமான முகூர்த்தம் கிடைத்திருக்காது. 1962 பிப்ரவரியில் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் ஓர் ஆணை விடுத்தார்: குருமடங்களில் லத்தீனை இன்னும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், முக்கியமான பாடங்களை லத்தீனிலேயே நடத்த வேண்டும். அதே பாப்பரசர் கூட்டிய வத்திக்கான் சங்கம்தான் 1963 டிசம்பரில், வழிபாட்டில் அவரவர் மொழிக்குக் கதவைத் திறந்துவிட்டது. பையன்கள் ஐந்து வகைப் பெயர்ச்சொற்களையும் உருப்போட்டு முடிப்பதற்குள் பூசை தமிழுக்கு வந்துவிட்டது. "நீச்சல் கற்று முடித்தேன், குளத்தைத் தூர்த்துவிட்டார்கள்" என்பார் சார்.

1965 ஜனவரியில் மதிலுக்கு வெளியே தமிழ்நாட்டு மாணவர்களெல்லாம் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். மதிலுக்கு உள்ளே லத்தீன் கட்டாயம். எதிர்த்து ஒரு கோஷம் கிடையாது. "போகலாம் என்று ஆசைதான். ஆனால் அன்றைக்கு மாதப் பரீட்சை" என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணமே வேண்டாம் என்று வாக்குக் கொடுக்கப் போகிற பையன்களுக்கு லத்தீனில் முதலில் கற்றுத்தரும் வினைச்சொல் 'ஆமோ, ஆமாஸ், ஆமாத்'. நான் காதலிக்கிறேன், நீ காதலிக்கிறாய், அவன் காதலிக்கிறான். காலை, மாலை இருவேளையும் அறுபது பையன்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து இதைக் கோரஸாகச் சொன்னால், ஒரு சிலருக்காவது அது மனதில் தங்கத்தானே செய்யும்? பாடத்திட்டம் வகுத்தவர்கள் யோசித்திருக்கலாம்.

ஏன் திரும்பி வந்தார் என்று கேட்டால் அவரிடம் ஆளுக்கொரு பதில் உண்டு. பங்குச்சாமியாரிடம் "தேவ அழைத்தல் இல்லை, சாமி" என்பார். நண்பர்களிடம் உடம்பு சரியில்லை என்பார். அவர் வீட்டம்மாவின் கட்சி வேறு: "வந்தது நல்லதுதாங்க. கோபம் வந்தா லத்தீன்ல திட்டுவாரு. எனக்குப் புரியாது, அவருக்கும் ஆத்திரம் தீர்ந்துடும். ஐம்பது வருஷமா எங்களுக்குள்ள சண்டையே இல்ல."

காலையில் காய்கறிக் கடைக்கு அவரோடு போகக் கூடாது. சாருக்கு அது கடையல்ல, இலக்கண வகுப்பு. லத்தீனில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. அடைமொழி அதற்கேற்ப வாலை மாற்றிக்கொள்ளும். தாவரவியல்காரர்கள் வைத்த பெயர்களிலெல்லாம் இந்த வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. நெல் 'ஒரைசா சட்டைவா', அது பெண். வெள்ளரிக்காய் 'குக்குமிஸ் சட்டைவஸ்', அது ஆண். பூண்டும் கொத்தமல்லியும் 'சட்டைவம்'. இரண்டு பாலிலும் சேராதவை. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: பயிரிடப்படுவது. கூடையில் கை வைக்குமுன் சார் இதைச் சொல்லி முடித்துவிடுவார். ஒருநாள் கடைக்காரம்மா பொறுமை இழந்து கேட்டாள்: "வெண்டைக்காய் ஆணா பொண்ணா சார்?"

"ஆண்தான் அம்மா. எஸ்குலெந்துஸ்."

"அப்ப முத்தலாத்தான் இருக்கும். ஒடிச்சுப் பாத்து எடுங்க."

புளியமரம் அவருக்கு மிகவும் பிடித்த உதாரணம். 'டமரிண்டஸ்' என்று ஆண் வால் வைத்திருந்தாலும் பின்னால் வரும் அடைமொழி 'இண்டிகா' என்றே முடியும், ஏனென்றால் லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண். இதற்கு நேர் எதிர் 'அக்ரிகோலா'. பார்த்தால் பெண்பால் சொல் போல இருக்கும், ஆனால் ஆண். பொருள் விவசாயி. "மீசை வைத்த மிராசுதாரைப் பெண் வரிசையில் உட்கார வைத்த ஒரே மொழி" என்று டீக்கடையில் அவர் சொன்னபோது, அங்கே மீசையோடு இருந்த இரண்டு பேர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அவருக்கும் பாமணி ஆற்றுப் பாசனத்தில் மூன்று மா நிலம் உண்டு. அதனால்தான் லத்தீன் கவிஞர் வெர்ஜில் மேல் அவருக்குத் தனிப் பாசம், தனிக் கோபம். கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 29 ஆண்டுகளுக்கு முன் வெர்ஜில் விவசாயத்தைப் பற்றி நாலு காண்டம் பாடிவைத்தார்: பயிர், மரம், கால்நடை, தேனீ. "நாற்றங்கால் உண்டா? நடவு உண்டா? கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு வரி உண்டா?" என்று சார் பொருமுவார். வெர்ஜில் விதைக்க நட்சத்திரம் பார்க்கச் சொல்கிறார். நாம் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறோம். ஜூன் 12 அன்று அணை திறந்தால் குறுவை, இல்லாவிட்டால் சம்பா. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் திருப்பினால், சார் ரோமாபுரிச் சொற்பொழிவாளர் சிச்செரோ பாணியில் கையை உயர்த்தி ஒரு பிரசங்கம் தொடங்குவார். வரிசையில் பின்னால் நிற்பவர்களே அவர் மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

சிச்செரோ என்றா எழுதினேன்? ஆமாம், அப்படித்தான் எழுத வேண்டும். கல்லூரிப் பேராசிரியர்கள் 'கிக்கெரோ' என்பார்கள், ஆங்கிலம் படித்தவர்கள் 'சிசரோ' என்பார்கள். ரோமாபுரிக் கோயில் உச்சரிப்பைத் தவிர மற்றதெல்லாம் சாருக்குப் பாஷாண்டித்தனம். அந்த மேதையின் குடும்பப் பெயர் கொண்டைக்கடலையிலிருந்து வந்தது என்ற செய்தியை நவராத்திரிக்கு எந்த வீட்டில் சுண்டல் கொடுத்தாலும் சொல்லாமல் வாங்க மாட்டார்.

மாலையில் ஹரித்ராநதி தெப்பக்குளப் படியில் அவருக்கு ஜமா உண்டு. ஓய்வுபெற்ற சமஸ்கிருத வாத்தியார் ஒருவர், தமிழ்ப் புலவர் ஒருவர். ஒருநாள் சமஸ்கிருதம் சீண்டியது.

"ஓய், உம்ம லத்தீனுக்கு எத்தனை வேற்றுமை?"

"ஆறு, சுவாமி."

"எங்களுக்கு எட்டு. தமிழுக்கும் எட்டு. வெறும் ஆறை வச்சுண்டா அவா அத்தனை தேசத்தைப் பிடிச்சா?"

"எட்டை வைத்துக்கொண்டு நீங்கள் எதைப் பிடித்தீர்கள்?"

அதுவரை வாய் திறக்காத புலவர் சொன்னார்: "கடாரம்." அன்றைக்குக் கூட்டம் அத்தோடு கலைந்தது.

தோற்றுப்போனால் அவர் தூக்கும் ஆயுதம் தரங்கம்பாடி. அங்கே வந்த லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு தமிழுக்கு இலக்கணம் எழுதியது லத்தீனில். ஜெர்மனியின் ஹாலே நகரில் 1716இல் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத்தமிழுக்கு இலக்கணம் எழுதியதும் லத்தீனில்தான். லுத்தரன்காரர்களைக் கண்டித்துப் புத்தகம் புத்தகமாக எழுதியவர் அவர். கடைசியில் அவருடைய இந்த இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அதே லுத்தரன்காரர்களின் தரங்கம்பாடி அச்சகம். இலக்கணம் என்று வந்துவிட்டால் பகையாளியும் மை தடவிக் கொடுப்பான் என்பது சாரின் வாதம். இதில் மட்டும் நான் அவர் கட்சி.

ஊர் சிரிக்கிறது, ஆனாலும் அவர் இல்லாமல் நடப்பதில்லை. மருந்துக்கடையில் சீட்டைப் பிரித்துக்கொண்டு நிற்பவர்கள் அவரைப் பார்த்தால் விடமாட்டார்கள். "டி.டி.எஸ்.னு போட்டிருக்கே சார், இதுக்கும் வரி பிடிப்பாங்களா?" என்று கேட்டார் ஒரு பென்ஷன்காரர். தினம் மூன்று வேளை என்று லத்தீனில் எழுதியிருக்கிறது என விளக்கினார் சார். தன் அம்மாவின் சீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று பார்த்து முகம் வெளுத்துப்போன ஒரு பெண்ணிடம், "பயப்படாதே, 'சி ஓபுஸ் சித்'. தேவைப்பட்டால் மட்டும் போடு என்று அர்த்தம்" என்றார். அந்தப் பெண் அங்கேயே கும்பிட்டுவிட்டாள். பூசை வைத்திருந்தால் இப்படி எத்தனை பேர் கும்பிட்டிருப்பார்களோ, எனக்குத் தெரியாது. சார் முகத்தைப் பார்த்தால் இந்த ஒன்றே அவருக்குப் போதும் போலிருந்தது.

இப்போது பக்கத்து வீட்டுப் பேத்தி நீட் தேர்வுக்காகத் தாவரப் பெயர்களைத் தலைகீழாக உருப்போடுகிறாள். சார் திண்ணையில் பலகை மாட்டிவிட்டார். உங்கள் வீட்டிலும் உயிரியல் படிக்கிற பிள்ளை இருந்தால் தாராளமாக அனுப்பலாம். கட்டணம் கிடையாது, காபி உண்டு. சிச்செரோவை மட்டும் சிசரோ என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.