கொள்ளுத்தாத்தா பெயரில் ஒரு பாக்கி வேண்டி

அனுப்புநர்:
பிறந்ததற்குச் சான்று இல்லாத ஒருவரின் கொள்ளுப்பேரன்

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்
(ஜமாபந்திக்குப் போயிருந்தால், திரும்பி வந்ததும்)

பொருள்: என் கொள்ளுத்தாத்தா இருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகம் வழங்கிய பதிவின்மைச் சான்று (முத்திரை தெளிவு, கையெழுத்து இல்லை).

ஐயா,

என் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவைக் கேட்டு மனு கொடுத்தேன். அப்படி ஒருவர் பதிவேட்டிலேயே இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தீர்கள். மிக்க நன்றி. அவரைப் பற்றி அரசாங்கம் எழுதிக் கொடுத்த முதல் காகிதம் அதுதான் என்பதால் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்.

வீட்டில் கிடைத்த குறிப்பில் ‘துன்முகி வருஷம், ஆவணி மாதம்’ என்று மட்டும் இருந்தது. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருமாகையால் அது 1896 ஆகவும் இருக்கலாம், 1956 ஆகவும் இருக்கலாம். இரண்டாவதையும் பரிசீலிக்கலாம் என்றார் தங்கள் எழுத்தர். அப்படிப் பார்த்தால் என் அப்பா அவருக்கு அண்ணன் முறை ஆகிறார். சரி, இப்போதாவது பதிந்துகொள்ளுங்கள் என்றால், 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஓராண்டு தாண்டினாலே நடுவர் உத்தரவு கேட்கிறது. நூற்றுச் சொச்சம் ஆண்டு தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் சித்திரகுப்தனிடம்தான் இருக்கும்.

கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் விஷயம் வேறு. அவர் சென்னையில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அங்கே போனார்கள். கப்பல் பட்டியலில் பெரியவருக்கு ஓர் எண் இருக்கிறது. வயது, தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கின்றன. இடது முழங்காலில் தழும்பு என்றும் எழுதியிருக்கிறார்கள். பெற்ற தாய் மறந்திருப்பாள்; ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தவன் மறக்கவில்லை.

ஊரிலேயே இருந்து உழுத தம்பியைத் தேடி ‘அ’ பதிவேட்டைப் புரட்டினேன். அவர் உழுத வயலின் புல எண் இருக்கிறது. நஞ்சையா புஞ்சையா, மண் வயனம் என்ன, ரகம் என்ன, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்றெல்லாம் இருக்கிறது. உழுதவருக்கு அதில் கலம் இல்லை. பிற்பாடு நிலம் வாங்கிய என் தாத்தாவாவது, யு.டி.ஆர். பட்டாவில் பக்கத்து வயல்காரர் பெயரில் இருக்கிறார்.

கடைசியில் கைகொடுத்தது மொய் நோட்டு. கொள்ளுத்தாத்தா வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த ஊரிலிருந்து யார் வந்தார், அவர் யார் மகன், ஒன்றேகால் ரூபாயா இரண்டு ரூபாயா என்று எழுத்துப் பிசகாமல் இருந்தது. திருப்பிச் செய்ய வேண்டிய பணம் அல்லவா! எங்கள் வம்சத்தில் பாதியை அதை வைத்தே கட்டியெழுப்பினேன். கொள்ளுத்தாத்தாவின் முழுப் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து கிடைத்த ஒரே காகிதம், வட்டிக்கடைக்காரருக்கு அவர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு. இடது பெருவிரல் ரேகையோடு இருக்கிறது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான், ஐயா. கடன்பட்டவன், தீர்வை கட்டியவன், கூலிக்குக் கப்பலேறியவன் ஆகியோரைக் காகிதம் கைவிடுவதில்லை. அரசாங்கத்துக்கு ஒரு காசும் பாக்கி வைக்காமல் வாழ்ந்து முடித்ததே என் கொள்ளுத்தாத்தா செய்த குற்றம். அதைத் திருத்திக்கொள்ளத் தாங்கள் வாய்ப்புத் தர வேண்டும்.

அவர் குடிசை ஏரிப் புறம்போக்கில் இருந்ததாகக் கேள்வி. அன்னார் பேரில் ஒரு பி-மெமோ போடுங்கள். இன்னாரின் மகன் இன்னார், இந்த ஊரில் இத்தனை சென்ட்டை ஆக்கிரமித்துக் குடியிருந்தார் என்று அரசாங்கமே எழுதித் தந்ததாகும். வசூலுக்கு வரும் நோட்டீசில் இனிஷியல்கூடத் தப்பி நான் பார்த்ததில்லை. அபராதத்தை நானே கட்டிவிடுகிறேன். ரசீதை மட்டும் அவர் பெயருக்கே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
கொள்ளுப்பேரன்

இணைப்பு: கப்பல் பட்டியல், மொய் நோட்டு, புரோநோட்டு ஆகியவற்றின் நகல்கள். புரோநோட்டின் அசலைக் கேட்க வேண்டாம். அது வட்டிக்கடைக்காரரின் பேரன் வீட்டில் இருக்கிறது. போய்க் கேட்டால் வட்டியையும் சேர்த்துக் கேட்பார்.